ரெண்டு வருஷத்துக்கு டோக்கியோ

தோசைக்கல் காய்ந்து வரும் நேரம் பார்த்து அடுப்பு தானாகத் தணிந்துவிடுகிறது. கேஸ் வருகிறது, பர்னரில் அடைப்பில்லை, யாரும் திருகைத் தொடவில்லை. ஆனாலும் தீ சுருங்கிச் சின்னதாகி நிற்கிறது. டோக்கியோவில் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் தமிழ்த் தம்பதிகளை முதல் வாரத்திலேயே திகைக்க வைக்கும் விஷயம் இது. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து வீடுகள் எரிவதைத் தடுக்க, வீட்டு உபயோக கேஸ் அடுப்பின் எல்லா பர்னரிலும் வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்க வேண்டும் என்று 2008 அக்டோபரில் ஜப்பான் சட்டம் கொண்டுவந்தது. பாத்திரத்தின் அடி ஏறக்குறைய 250 டிகிரியைத் தொட்டால் சென்சார் தீயைக் குறைத்துவிடும். துளி எண்ணெய் தடவிய இரும்புக் கல்லுக்கு அந்தச் சூடு வர எவ்வளவு நேரமாகும்? அதிகச் சூட்டில் வறுப்பவர்களுக்காகப் பல அடுப்புகளில் தனியாக ஒரு பொத்தான் உண்டு. சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் தோசை மொறுமொறுவென்று வரும். பொத்தான் எது என்று கண்டுபிடிக்கத்தான் நாளாகிறது, ஏனென்றால் அதன்மேல் எழுதியிருப்பது ஜப்பானிய மொழியில்.

ஆன்சைட் என்றால் என்னவென்று இன்று மதுரையிலும் திருச்சியிலும் பாட்டிகளுக்குக்கூடத் தெரியும். கணவனுக்கோ மனைவிக்கோ ப்ராஜெக்ட் வருகிறது. மற்றவருக்கு டிபென்டன்ட் விசா. "ரெண்டு வருஷம்தானே, சமாளிச்சுக்கலாம்" என்று சொல்லி விமானம் ஏறுகிறார்கள். ப்ராஜெக்ட் நீண்டால் அந்த இரண்டு வருடம் நான்காகும். கிளையன்ட் கையை விரித்துவிட்டால் எட்டே மாதத்தில் மூட்டை கட்ட வேண்டும். கட்டில் வாங்குவதா, தரையில் ஃபுட்டோன் விரித்துக்கொள்வதா? அரிசியை மூட்டையாக வாங்குவதா, 5 கிலோ பையாகவா? அந்த வீட்டில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்குள்ளும் இந்த நிச்சயமின்மை புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜப்பானில் வாழும் இந்தியர்களின் எண்ணிக்கை 2024-ல் 50,000-ஐத் தாண்டியது. டோக்கியோவில் அவர்கள் அதிகம் குவிந்திருப்பது கிழக்கு எல்லையில் உள்ள எடொகாவா வார்டில், குறிப்பாக நிஷி கசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி. கடலைத் தூர்த்து எடுத்த நிலம் அதிகமுள்ள இடம் அது. ரயில் நிலையமே 1979-ல்தான் வந்தது. அங்கிருந்து தோசாய் மெட்ரோவில் ஏறினால், வங்கிகளும் பங்குத் தரகு நிறுவனங்களும் நிறைந்த கயாபாச்சோ, நிஹோன்பாஷி, ஒத்தேமாச்சி நிலையங்களுக்கு வண்டி மாறாமல் கால் மணி நேரத்தில் போய்விடலாம். 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்று உலகம் பயந்த ஒய்2கே காலத்தில் அந்த வங்கிகளுக்கு வேலை பார்க்க வந்த இந்திய இன்ஜினீயர்கள், ரயில் வசதிக்காகத்தான் இங்கே இறங்கினார்கள். வெளிநாட்டவருக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கிய காலம். 1970-களின் கடைசியிலேயே இந்தப் பகுதிக்கு வந்துவிட்ட தேயிலை வணிகர் ஜக்மோகன் சந்திரானி, இன்ஜினீயர்களுக்கு வீடு கிடைக்கத் துணை நின்றார். சைவச் சாப்பாடு கிடைக்காமல் தவித்தவர்களுக்கு உணவகமும் தொடங்கினார். அந்த விதைதான் இன்றைய கூட்டம். 2019 ஏப்ரலில் எடொகாவா வார்டு மன்றத் தேர்தலில் யோகேந்திர புராணிக் வென்றபோது, இந்தியாவில் பிறந்த ஒருவர் ஜப்பானில் தேர்தலில் ஜெயித்தது அதுவே முதல் முறை.

லிட்டில் இந்தியா என்று பத்திரிகைகள் எழுதுவதைப் படித்துவிட்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை மாதிரி பூக்கடையும் நகைக்கடையுமாக ஒரு தெரு இங்கே கிடையாது. சில மளிகைக் கடைகள், சில உணவகங்கள். மற்றபடி வரிசை வரிசையாக அடுக்குமாடிக் குடியிருப்புகள்தான். அவற்றில் பல, யூஆர் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் அரசு சார்ந்த வீட்டுவசதி நிறுவனத்தின் கட்டடங்கள். இந்தியர்கள் இங்கே திரண்டதற்கு ரயிலுக்கு அடுத்த காரணம் இந்த யூஆர். தனியார் வீடு என்றால் முன்பணம் தவிர, வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லும் விதமாக ரெய்கின் என்று ஒரு தொகை கொடுக்கும் வழக்கம் உண்டு. ஒரு மாத வாடகையோ இரண்டு மாத வாடகையோ, கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வராது. போதாததற்குத் தரகுக் கட்டணம், ஜாமீன் நிற்க ஆள். யூஆரில் ரெய்கின் இல்லை, தரகு இல்லை, ஜாமீன்தாரர் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு வந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்!

வீட்டைத் திறந்தால் நான்கு சுவர்தான். திரைச்சீலை இருக்காது, பல வீடுகளில் விளக்கும் அடுப்பும்கூட இருக்காது. கேஸ் கம்பெனி ஊழியர் வந்து குழாயைத் திறந்துவிடும்போது குடியிருப்பவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அன்று கணவருக்கு அலுவலகத்தில் முதல் நாளாக இருக்கும். ஆகவே ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாத மனைவி, கேஸ் ஊழியர் காட்டும் தாளில் அவர் சுட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு டோக்கியோ வாழ்க்கை தொடங்குகிறது. விமான நிலையத்தில் கொடுத்த ரெசிடென்ஸ் கார்டில் முகவரி பதிய, வீடு கிடைத்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸ் போக வேண்டும். போன் எண் இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பது கடினம். வங்கிக் கணக்கோ கிரெடிட் கார்டோ இல்லாமல் மாதாந்திர போன் இணைப்பு கிடைப்பது கடினம். வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குச் சில வங்கிகள் கணக்கே தருவதில்லை. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர எப்படியும் ஒரு மாதமாகிறது.

சமையலறைக்குத் திரும்புவோம். அங்கேதான் ஊரின் குணம் முழுக்கத் தெரிகிறது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். கோயம்புத்தூரிலிருந்து ஆசை ஆசையாகச் சுமந்து வந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே தேங்காய்ச் சட்னிக்குக்கூட ஓடாது. ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி மேடையில் வைக்க வேண்டும். செங்கல் கனத்தில் இருக்கும். இல்லாவிட்டால் அமெரிக்கா போகிறவர்களுக்காக விற்கும் 110 வோல்ட் மிக்ஸியை ஊரிலேயே வாங்கிவர வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பெட்டி கட்டும்போதே இதைச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்தது மாவு. ஜனவரியில் டோக்கியோவின் சராசரி வெப்பம் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே கல்லாய்க் கிடக்கும். மின்சாரக் கம்பளத்தின் ஓரத்தில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, ஒன்றரை நாள் பொறுத்தால் ஒருவழியாகப் பொங்குகிறது. ஜப்பானிய கேஸ் அடுப்பின் வயிற்றில் மீன் சுடுவதற்கென்று ஓர் இழுப்பறை இருக்கும். மீன் சாப்பிடாத வீடுகளில் அது அப்பளம் சுடவும் கத்திரிக்காய் சுடவும் பயன்படுகிறது. சுட்ட கத்திரிக்காய்க்கு அதைவிட நல்ல அடுப்பு அமையாது என்பது நிஜம்.

சைவ உணவுக்காரர்களுக்குக் கடைதான் சோதனை. ஜப்பானியச் சமையலின் அடிநாதமான தாஷி, பெரும்பாலும் காய்ந்த கத்சுவோ மீனை ஊறவைத்து எடுக்கும் சாறு. சூப், பொரியல், சாஸ், வறுத்த நொறுக்கு என்று கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் கலந்திருக்கும். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவை ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் பாக்கெட்டில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ஜெலட்டின் எல்லாம் குறிப்பிட்டால் நல்லது என்ற பட்டியலில்தான் வருகின்றன. ஆகவே மாடு, பன்றி, மீன், முட்டை ஆகிய நான்குக்கும் உரிய கான்ஜி எழுத்துகளைப் படம் பார்ப்பதுபோல மனதில் பதித்துக்கொண்டுதான் கடைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. முதலில் கற்கும் கான்ஜி வேண்டியவற்றை அல்ல, வேண்டாதவற்றைச் சொல்பவை. கொஞ்ச நாளில் கோம்பினி என்று எல்லோரும் சொல்லும் தெருமுனைக் கடையில் உமே ஊறுகாய் வைத்த ஒனிகிரி என்ற சோற்று உருண்டையைக் கண்டுபிடிக்கிறார்கள். அது நம் ஊர் புளிப்புக்கு ஓரளவு நெருங்கி வரும்.

இனி, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. கணவர் ஏழேமுக்காலுக்குத் தோசாய் ரயிலில். கொரோனாவுக்கு முன், 2019-ல், இந்த வழித்தடத்தின் கிபா – மொன்சென் நாகாச்சோ பகுதியில் காலை நெரிசல், வண்டி தாங்கக்கூடிய அளவைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு. நாட்டிலேயே நெரிசல் மிகுந்த தடம் என்று பெயர் வாங்கியது. அலுவலகத்தில் அவருக்கு மேஜை இருக்கிறது. டீம் இருக்கிறது, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார், கூட உட்கார்ந்து சாப்பிட இரண்டு தெலுங்கு நண்பர்களும் ஒரு வடநாட்டவரும் இருக்கிறார்கள். நாள் என்ற ஒன்றை நிறுவனமே வடிவமைத்துக் கொடுத்துவிடுகிறது. மனைவிக்கு அப்படி எதுவும் இல்லை. ஜப்பான் நேரம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கணவர் கிளம்பும்போது சென்னையில் விடிகாலை நாலே கால். அம்மா எழுந்து காபி குடித்து வீடியோ காலில் வர ஒன்பதரை, பத்தாகும். வேலைக்குப் போகும் தங்கையும் தோழிகளும் ஓய்வாகப் பேசும் இரவு எட்டு மணி, இங்கே நள்ளிரவுக்கு அரை மணி முன்பு. அந்த நேரத்தில் களைத்து வந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஆறு தாத்தாமிப் பாய் விரிக்கும் அறையில், ஏறக்குறைய 100 சதுர அடியில், சத்தமாகப் பேச முடியாது.

இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆன்சைட் கடிதத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. சம்பளம், அலவன்ஸ், விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ் என்று நிறுவனம் கணக்குப் போடுகிறது. கூட வருபவர் விட்டுவிட்டு வரும் வேலைக்கு எந்தக் கட்டமும் இல்லை. சென்னையில் ஆசிரியையாகவோ, டெஸ்டராகவோ, ஆடிட்டரிடம் வேலை பார்த்தவராகவோ இருந்த பெண், நரிதா விமான நிலையத்தில் இறங்கிய மறுகணம் டிபென்டன்ட் ஆகிவிடுகிறார். இப்போது மனைவி வேலைக்கு வர, கணவர் துணையாக வருவதும் உண்டு. வேலையை விட்டு வீட்டில் இருக்கும் ஆண் என்று ஊரில் பேசுவார்களே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்வதால், அவர்கள் பாடு இன்னும் கடினம்.

சட்டம் முழுக்கக் கதவை மூடவில்லை. குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்கினால் டிபென்டன்ட் விசாவில் இருப்பவர் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது, உணவகம், ஹோட்டல், கோம்பினி என்று வாய்ப்புகள் இருக்கின்றன. பட்டப்படிப்புக்கு ஏற்ற முழுநேர வேலை கிடைத்து நிறுவனம் முன்வந்தால் விசாவையே மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டு வழியும் இருப்பதே தெரியாமல் முதல் வருடத்தை ஓட்டிவிடுபவர்கள் உண்டு. தெரிந்தாலும் மொழி தடுக்கிறது.

ஆனால் ஊரைத் தெரிந்துகொள்வது யார் என்று பார்த்தால், வீட்டில் இருப்பவர்தான். அலுவலகம் போகிறவருக்கு டோக்கியோ என்பது இரண்டு ரயில் நிலையங்களும் இடையிலுள்ள சுரங்கமும். பல் டாக்டர் எங்கே, கொத்துமல்லி எந்தக் கடையில் மலிவு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு என்ன மருந்து பிடிக்காது என்பதெல்லாம் இவருக்குத்தான் தெரியும். கூடை வைத்த மாமாசாரி சைக்கிள் ஒன்றை வாங்கி, திருட்டுத் தடுப்புப் பதிவு எண்ணை ஒட்டி, அரகாவா ஆற்றங்கரை வரை மிதித்துப் போய்வருபவரும் இவர்தான். வார்டில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்கிறார். அங்கே தமிழர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது: ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். நம் வாக்கியத்தை நாம் அடுக்கும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகலாம். இதுபோன்ற ஒற்றுமைகளை வைத்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் லாபம்தான். கூடப் படிக்கும் ஐரோப்பியர் திணறும் இடத்தில் தமிழ்ப்பெண் சரளமாக வாக்கியம் அமைக்கிறார். தமிழ் என்று சொன்னதும் 1998-ல் ஜப்பானில் வெளியாகி சக்கைப்போடு போட்ட ‘முத்து’ படத்தை நினைவுகூரும் வயதானவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கிவிடும்.

குப்பையும் இவர் பொறுப்புதான். எரியும் குப்பை வாரம் இருமுறை, எரியாதது மாதம் இருமுறை, காகிதம், கேன், பிளாஸ்டிக் எல்லாம் அதற்குரிய நாளில். பெட் பாட்டிலின் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, கழுவி, நசுக்கி வைக்க வேண்டும். காலை 8 மணிக்குள் வைத்து, காக்கை கிளறாமல் வலையை இழுத்து மூட வேண்டும். நாள் மாறினால் ஸ்டிக்கர் ஒட்டிய பை அங்கேயே கிடக்கும். யாருடையது என்று குடியிருப்பு முழுக்கத் தெரியும். இந்தியர்கள் மேல் அக்கம்பக்கத்தில் எழும் மனக்கசப்பு பெரும்பாலும் இந்த வலைக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. அட்டவணையை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி ஒழுங்காக நடப்பவர்களுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் மரியாதையும் உடனடியானது.

எடொகாவாவில் குடியிருப்பவர் எவரும் படிக்க வேண்டிய இன்னொரு தாள் உண்டு. ஆறுகளும் கடலும் சூழ்ந்த இந்த வார்டின் நிலத்தில் சுமார் 70 சதவீதம், கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். 2019-ல் வார்டு நிர்வாகம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, தங்கள் வார்டைச் சுட்டி, ‘இங்கே இருக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தார்கள். பெரும் வெள்ளம் வந்தால் இரண்டு வாரம்வரைகூட நீர் வடியாது, முன்கூட்டியே வேறு இடம் போய்விடுங்கள் என்பது அறிவுரை. ஒரு நிர்வாகம் தன் மக்களிடம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதைப் பாராட்டத்தான் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் மொட்டைமாடியில் நின்றவர்களுக்கு அந்த வாசகத்தின் அருமை புரியும். நிலநடுக்கம் வேறு. 2011 மார்ச் 11 அன்று ரயில்கள் நின்றுவிட, லட்சக்கணக்கானோர் இரவெல்லாம் நடந்தே வீடு சேர்ந்தார்கள். அலுவலகத்தில் ஒருவர், வீட்டில் ஒருவர் என்று பிரிந்திருக்கும் தம்பதி, போன் வேலை செய்யாவிட்டால் எந்தப் பள்ளி மைதானத்தில் சந்திப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடைக்காலத்தில் பிள்ளை பெற்றுக்கொள்பவர்களும் ஏராளம். கர்ப்பம் உறுதியானதும் வார்டு ஆபீஸில் போஷி தேச்சோ என்ற தாய்-சேய் கையேடு கொடுக்கிறார்கள். பரிசோதனை, எடை, தடுப்பூசி எல்லாம் அதில் ஏறும். மகப்பேறு உதவித்தொகை 2023 ஏப்ரல் முதல் 5 லட்சம் யென். குழந்தை பிறந்தால் 14 நாளுக்குள் வார்டில் பதிவு, 30 நாளுக்குள் விசா விண்ணப்பம், இந்தியக் குடியுரிமைக்காக ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிவு என்று அப்பா ஓடிக்கொண்டே இருப்பார். பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கு வழக்கமாகக் கிடைப்பது 90 நாள் விசா. பிரசவத்துக்கு முன் வருவதா, பின் வருவதா என்பதைக் குடும்பமே கூடி உட்கார்ந்து கணக்குப் போடும். இந்தியாவில் பிறந்தவுடன் ஒரே ஊசியாகப் போடும் பிசிஜி, இங்கே ஐந்து மாதத்துக்குப் பிறகு, ஒன்பது முனை கொண்ட முத்திரையை இரண்டு முறை அழுத்திப் போடப்படுகிறது. கையில் 18 புள்ளிகளுடன் சேலத்துக்கோ திருநெல்வேலிக்கோ திரும்பும் குழந்தையைப் பார்த்து உள்ளூர் டாக்டரே முதலில் என்னவென்று கேட்பார்.

ஊர் திரும்புவதற்கும் திட்டம் வேண்டும். வசிப்பிட வரி, முந்தைய ஆண்டின் வருமானத்தில் சுமார் 10 சதவீதம். ஜனவரி 1 அன்று முகவரி எந்த வார்டில் இருக்கிறதோ அந்த வார்டு வசூலிக்கும். வந்த வருடம் வராது என்பதால் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் வருட ஜூன் சம்பளத்தில்தான் தெரியவரும். டிசம்பரில் கிளம்புபவருக்கும் ஜனவரியில் கிளம்புபவருக்கும் பெரிய தொகை வித்தியாசப்படும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஏசி இவற்றைக் குப்பையில் போட முடியாது. மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் அகற்ற வேண்டும். அதனால்தான் கிளம்பும் தம்பதிகள் சாயோனாரா சேல் போடுகிறார்கள். புதிதாக வந்த அடுத்த ஜோடி அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் ஃபுட்டோனையும் சைக்கிளையும் வாங்கிப் போகிறது. சில பொருட்கள் இப்படி நிஷி கசாயிலேயே நாலைந்து குடும்பம் பார்த்துவிடுகின்றன. ஜப்பானிய ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டியவர்கள் நாட்டை விட்டுக் கிளம்பிய இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இந்திய நிறுவனமே அனுப்பிவைத்த ஊழியருக்கு, 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இருநாட்டு ஒப்பந்தப்படி, ஐந்து வருடம்வரை அந்தப் பிடித்தமே தேவையில்லை.

திரும்பியதும் கணவரின் பயோடேட்டாவில் ஜப்பான் அனுபவம் ஏறுகிறது. மனைவியின் பயோடேட்டாவில் இடைவெளி விழுகிறது. இதை மாற்ற நிறுவனங்களால் முடியும், அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஊழியருக்குப் பயணத்துக்கு முன் மொழிப்பயிற்சி கொடுக்கும்போது பக்கத்து நாற்காலியில் கூடப் போகிறவரையும் உட்காரவைத்தால் போதும். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்5-ல் தொடங்கி என்2 வரை எட்டியவர்களுக்குச் சென்னையில் வேலை இருக்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள ஜப்பானிய ஆலைகளுக்கு மொழிபெயர்க்கவும் ஒருங்கிணைக்கவும் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பிய தமிழர்கள் சென்னையில் தொடங்கிய ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையம் போன்ற இடங்களில் வகுப்பும் கிடைக்கிறது. நிறுவனம் அனுப்பாவிட்டால் தம்பதிகளே போகலாம். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஹிராகானா, கத்தகானா எழுத்துகள் இரண்டையும் முடித்துவிடலாம். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஜூலைத் தேர்வுக்கான விண்ணப்பம் பல மாதம் முன்னாலேயே முடிந்துவிடும். டிக்கெட் கைக்கு வந்த பிறகு யோசித்தால் அந்த வருடத்துக்கு மிச்சமிருப்பது டிசம்பர்தான்.